எனக்கு மட்டும் இல்லாதது

ஒன்பது வயதில் நான் எனக்கும் ஆட்டிசம் வேண்டும் என்று கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது நிஜம். பட்டினி பாதி, பொறாமை பாதி.

பொறாமை அண்ணன் மேல். என்னைவிட இரண்டு வயது பெரியவன். எங்கள் வீட்டில் அவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம். அவன் தட்டில் சோறு தனியாக, குழம்பு தனியாகக் கிண்ணத்தில். சோற்றில் குழம்பு ஒரு துளி பட்டுவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவான். அம்மா முகம் சுளிக்காமல் வேறு சோறு போடுவாள். நானும் ஒருநாள் அப்படித் தள்ளிப் பார்த்தேன். முதுகில் ஒன்று விழுந்தது. அவனுக்குப் புதுச்சட்டை எடுத்தால் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் கம்பெனிப் பெயர்த் துணியை பிளேடால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் போட்டுவிடுவாள். கோயில் திருவிழாவில் மேளம் நெருங்கினால் அவனை மடியில் அணைத்து இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். அம்மாவுக்கு இருப்பது இரண்டு கை. இரண்டும் அவன் காதில். நான் கூட்டத்தின் பின்னால் நின்று அடுத்தவர் முதுகைத் தரிசித்துவிட்டு வருவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தஞ்சாவூர் பயணம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் வந்து தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் பிள்ளைகளைப் பார்ப்பார். அம்மாவும் அண்ணனும் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவார்கள். பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோரம். ஓட்டலில் அவனுக்குப் பூரி, அதிலும் கிழங்கு தனிக் கிண்ணத்தில். எனக்கு வருவது அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவரும் நாலு கமர்கட். ஊரில் கேட்பவர்களுக்கு அம்மா சொல்லிவைத்தது, பையனுக்குக் காதில் கோளாறு, காது வைத்தியம் நடக்கிறது என்று. அண்ணனிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

அவனிடம் ஏன் அப்படிச் சொல்லிவைத்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணனுக்குப் பொய் வராது. மறைக்கவும் வராது. கேட்டால் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அதற்கு முந்தின வருடம் நடவுக் கூலி உயர்வு கேட்டு சங்கத்துக்காரர்கள் எங்கள் மாட்டுக்கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மறுநாள் ஜீப்பில் வந்த போலீஸ்காரர் வாசலில் நின்ற அண்ணனிடம், நேத்து யாரு தம்பி வந்தது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பதினொரு பேரையும் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே சொல்லி, யார் யார் இரண்டாம் தடவை டீ வாங்கிக் குடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினான். நாலு பேர் மூன்று நாள் லாக்கப்பில் இருந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா. திரும்பி வந்தவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பார்.

அப்பாவுக்கு வேறு தலைவலி இருந்தது. நாங்கள் பயிர் செய்த மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகை நிலம். அதைத் தன் பெயரில் பதிவு செய்யச் சொல்லி அப்பா தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தார். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் சுவரில் மாட்டியிருக்கும் படம்தான் மாறுது, நான் உக்கார்ற பெஞ்சு மாறல என்பார். எதிர்ப்பக்கம் நின்றவர் பண்ணைவீட்டுக் காரியக்காரர். பண்ணைக்காரர் குடும்பம் எப்போதோ மெட்ராஸ் போய்விட்டது. நிலம், நெல், சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது இந்த மனிதர்தான். வெள்ளை வேட்டி, தோளில் சரிகைக்கரைத் துண்டு, கட்டைக் குரல். அவரைக் கண்டால் ஊர் நாய்களே கொஞ்சம் ஒதுங்கும். அவர் அப்போது பிடித்திருந்த வாதம், இந்தக் குத்தகைக்காரனுக்குப் பிறகு மண்வெட்டி பிடிக்க ஆள் கிடையாது, பையன் ஒரு மாதிரி, நிலத்தைப் பண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. பெண்பிள்ளையான என்னை அந்தக் கணக்கிலேயே யாரும் சேர்க்கவில்லை. அதற்கும் ஒரு ஓரத்தில் எனக்குக் கோபம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வந்திருந்தார். அம்மாவுக்கு அண்ணன். ஒரத்தநாட்டில் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். எங்கள் குடும்பத்தில் அவர்தான் டாக்டருக்கு அடுத்தபடி. மனிதர் வியாதிக்கும் அவரைத்தான் கேட்பார்கள். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணன் வாய்க்காலில் மதகுப்பலகைக்கு அடியில் தண்ணீர் சுழிப்பதைப் பார்க்கப் போயிருந்தான். நான் சுவரோரம் படுத்துத் தூங்குவதுபோல் நடித்தேன். என்னைப் பொருட்டாக நினைத்து யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆட்டிசம்னு பேரு சொல்றார் அண்ணே. ஆனா இருக்குன்னும் அடிச்சுச் சொல்ல மாட்டேங்கிறார், இல்லன்னும் சொல்ல மாட்டேங்கிறார். இருக்கலாம், வளர வளரப் பாப்போங்கிறார்" என்றாள் அம்மா.

"மாட்டுக்குன்னா ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில வச்சுப் பாத்துச் சொல்லிப்புடலாம். இது மனுசப்பய மூளையால்ல இருக்கு" என்று மாமா வருத்தப்பட்டார்.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனை என்னென்னவோ பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஒருநாள் அடுப்படிக்கு வந்து, நான் மட்டும் ஏம்மா இப்படி என்று கேட்டானாம். அம்மா சோறு வடிக்கணும் என்று சொல்லி எழுந்து போய்விட்டாளாம். "உலையே வைக்கல அண்ணே அப்ப" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். டாக்டருக்கே தெரியாத ஒன்றைப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது? நாளைக்கு இல்லையென்று ஆகிவிட்டால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? "அதுவுமில்லாம, அவங்கிட்ட சொன்னா ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி. வர்ற செவ்வா விட்டு அடுத்த செவ்வா வாய்தா. காரியக்காரன் காதுல விழுந்துச்சுன்னா தாசில்தார் முன்னாடி அதைத்தான் மொதல்ல எடுத்து வைப்பான். நெலம் போயிரும்." மாமா இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் முடிவானது, இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

சுவரோரம் படுத்திருந்த எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அண்ணனிடம் ஏதோ இருக்கிறது, அல்லது இருக்கலாம். அதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து டாக்டர் வருகிறார். அவனுக்கே தெரியாமல் மறைத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதெல்லாம் நல்ல பொருள்தான். பரணில் அதிரசம், பெட்டியில் தீபாவளித் துணி. அதிரசம்கூட அவனுக்குத்தான் ஒன்று கூடுதலாகப் போகும். இதையும் அவனுக்கேவா வைத்திருக்கிறார்கள்? அவனுக்கு இருந்தால் எனக்கும் இருக்க வேண்டாமா? ஒரே வயிற்றில்தானே பிறந்தோம்?

மறுநாள் அம்மாவிடம் போய், எனக்கும் ஆட்டிசம் இருக்கா என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த சொம்பு கிணற்றடியில் விழுந்து உருண்டது. வாயைப் பொத்தி என்னை உள்ளே இழுத்துப்போனாள். இந்த வார்த்தையை அண்ணனிடம் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்றாள். அவ்வளவு பெரிய பொருளா என்று என் ஆசை இன்னும் ஏறிப்போனது. என்னையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனால்தான் சாப்பிடுவேன் என்று படுத்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சனிக்கெழம வா" என்றாள். என் பட்டினிக்குப் பயந்துவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். கூடப் பிறந்தவளையும் ஒருமுறை அழைத்து வாங்க என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தாராம். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தஞ்சாவூரில் டாக்டர் என்னை ஒரு சின்ன நாற்காலியில் உட்காரவைத்து மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். படங்களைக் காட்டினார். இந்தப் பாப்பா ஏன் அழுகிறது என்று கேட்டார். அதன் அண்ணனுக்கு மட்டும் எல்லாம் வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் இந்தப் பரீட்சையில் பாதிக் கேள்விக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்று விடாமல் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன். முதல் பரிசு எனக்குத்தான் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் என் கன்னத்தைத் தட்டி, "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றுமே இல்லையா? அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்து, "நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்றாள். நல்லாப் பார்த்தேம்மா என்றார். அம்மா விடவில்லை. "இன்னொரு தடவை பாக்கிறீங்களா?" என்றாள். பாவம், என் பக்கம் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே, எனக்காக இவ்வளவு கெஞ்சுகிறாளே என்று நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். டாக்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அன்றைக்கு ஓட்டலில் அம்மா எனக்கு முழுசாக ஒரு செட் பூரி வாங்கிக் கொடுத்து, தன் காப்பியிலும் பாதியை ஊற்றினாள். தோற்ற பிள்ளைக்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். பூரியை விடவில்லை, அது வேறு விஷயம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் சீட்டில் நாங்கள் மூன்று பேர். ஜன்னலோரம் எனக்கு வேண்டும் என்றேன். "ஜன்னல் எனக்கு. அம்மா சொல்லிருக்காங்க" என்றான் அண்ணன், வழக்கம்போல என்னைப் பார்க்காமலே. அம்மாவும், விடுடி அவன் பழகிட்டான் என்றாள். அதோடு எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. இரண்டு சீட்டுக்கு முன்னால் காரியக்காரரின் சரிகைத் துண்டும் பின்கழுத்தும் தெரிந்தன. அம்மாவும் பார்த்திருந்தாள். அவர் ஏறியதிலிருந்து அவள் குரலைத் தாழ்த்தியே பேசினாள். நான் மட்டும் எதையும் பொருட்படுத்தும் நிலையில் இல்லை.

அம்மாவின் மடிக்கு மேலே குனிந்து அண்ணனிடம் சொன்னேன். "உனக்கு ஆட்டிசம் இருக்காம். எனக்கு இல்லியாம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதாம்."

அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினான். அவனுக்கு மெல்லப் பேச வராது. "அம்மா, எனக்கு ஆட்டிசம் இருக்கா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

பேச்சுச் சத்தம் அடங்கியது. முன்னால் இருந்த பின்கழுத்து அசையவில்லை. அம்மா என்னை அறையப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால் அம்மா முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுல கோளாறுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான். நிலமும் தப்பித்திருக்கும். புது ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு துண்டிலிருந்து கண்ணை எடுத்து அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இருக்கலாம்னு டாக்டர் சொல்றார்ப்பா" என்றாள். "இல்லாமலும் இருக்கலாமாம். இன்னும் தெரியல."

"எப்ப தெரியும்?"

"அதுவும் தெரியல. தெரியாமலேகூடப் போவலாம்."

"அப்ப காதுல ஒண்ணும் இல்லியா?"

"இல்ல. அம்மா பொய் சொன்னேன்."

"ஏன்?"

"பயந்துக்கிட்டு" என்றாள் அம்மா.

அண்ணன் காதைத் தொட்டுப் பார்த்தான். "சத்தம் காதுலதான் வலிக்குது" என்றான். பிறகு, சரி என்றான். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. வீட்டில் மூன்று பெரியவர்கள் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பயந்த விஷயத்தை அவன் ஒரு சரியோடு முடித்துவிட்டான். ஆனால் அப்பா பயந்ததும் நடந்தது. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், எனக்கு ஆட்டிசம் இருக்கலாம், இன்னும் தெரியல என்றான். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கீரைக்காரம்மாளிடமும் அதையே சொன்னான். அந்தம்மா, அப்டியா ராசா, நல்லா இரு என்று சொல்லிக் கூடையைக் காலடியில் தள்ளி வைத்தாள். இப்போது அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த மூன்று மா நிலத்தில் அவன்தான் தண்ணீர் கட்டுகிறான். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதே பதில்தான், ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

காரியக்காரர் எங்கள் ஊரில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

வீட்டில் அப்பா குதித்த குதியில் கொட்டகை மாடுகள் மிரண்டன. அம்மா அரிசி களைந்துகொண்டே, "கேட்டான், சொன்னேன். இன்னொரு தடவை அவங்கிட்ட பொய் சொல்ல என்னால ஆவாது. நெலம் போனா போவட்டும்" என்றாள். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா நிலம் போகட்டும் என்று சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. பற்றவைத்த என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்குக்கூட நான் நினைவில் இல்லையே என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா இழவுக்குப் போகிறவர் முகத்தோடு வாய்தாவுக்குப் போனார். வந்தவர் குழம்பிப்போய் வந்தார். காரியக்காரர் பண்ணைக்காக எல்லா வாதமும் செய்தாராம். பையனைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லையாம். தாசில்தாரே, அந்தப் பையன் சமாச்சாரம் என்னவோ சொன்னீங்களே என்று எடுத்துக் கொடுத்தும், அது ஒண்ணுமில்லீங்க என்றுவிட்டாராம். என்னமோ பெருசா திட்டம் போடுறான் என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் சாம்பல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு காரியக்காரர் வந்தார். எங்கள் வாசலுக்கே வராத மனிதர், கொல்லைப்பக்கம் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். பண்ணைவீட்டு வாசலில் எங்கள் அப்பா அப்படித்தான் நிற்பார்.

"தங்கச்சி" என்றார். அதுவரைக்கும் அவர் அம்மாவைக் கூப்பிட்டது ஏம்மா என்றுதான். "அந்த டாக்டர் எந்தத் தெருவுல இருக்காரு?"

அம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "யாருக்குங்க?"

"பேத்திக்கு. ஆறு வயசாவுது. பேச்சு வரல. மூஞ்சப் பாக்க மாட்டேங்குது. உள்ளயே வச்சிருக்கோம்."

"ஊருக்கு என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"அம்மை கண்டு எந்திரிச்ச புள்ள, வெயில் ஆவாதுன்னு."

"நாங்க காதுன்னு சொன்னோம்" என்றாள் அம்மா.

காரியக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கோ கொதித்தது. அவர் வீட்டுப் பிள்ளைக்குமா? மச்சுவீடு, காற்றாடி, ரேடியோ எல்லாம் இருக்கிற வீட்டில் இதுவும் வேறு இருக்கிறதா?

வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது. அவர் எதிர்ப்பக்கமே நின்றார். அப்பாவும் அவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. அதெல்லாம் ஆண்கள் சமாச்சாரம். அடுத்த மாதச் சனிக்கிழமை காரியக்காரரின் மருமகள், அந்த ஆறு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அம்மாவோடு பஸ் ஏறினாள். என்னைக் கூட்டிப்போகவில்லை. உனக்கு அங்கே என்ன வேலை என்றுவிட்டாள் அம்மா. பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தான். "உனக்கும் இருக்கலாம். இன்னும் தெரியல. இங்க உக்காரு" என்று அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டான். பிறந்ததிலிருந்து எனக்கு ஒருநாள் விட்டதில்லை. பஸ் போன பிறகு அது கிளப்பிய புழுதிக்குள் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

சாயங்காலம் அம்மா வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கும் இருக்காம்மா?"

"இருக்கு போலத்தான் தெரியுது."

"அண்ணனுக்கு?"

"இருக்கலாம்."

"எனக்குத்தான் இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கினாள். அவள் இரண்டு கையும் என்மேல் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். "இல்லடி என் தங்கம், உனக்கு இல்ல, உனக்கு இல்லவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அவ்வளவு ஆசைப்பட்ட பிள்ளையிடம் இல்லை, இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறாளே, இவளும் என்னைக் கேலி செய்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அணைத்திருந்த கையை நறுக்கென்று கடித்துவிட்டு எழுந்து ஓடிவிட்டேன்.